கன்கஷனுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வீட்டுப் பயிற்சி: எப்போது தொடங்குவது, எவ்வளவு, எங்கே நிறுத்துவது?

#1 | பிசியோ_திருச்சி

தலையில் அடிபட்டு, டாக்டர் பரிசோதித்து, "கன்கஷன்தான், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்" என்று அனுப்பிய 6 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்காக இந்த இழை. கன்கஷன் என்றால் தலையில் அடிபட்ட அதிர்வில் மூளையின் வேலை தற்காலிகமாகக் குழம்புவது. டாக்டர் இன்னும் பார்க்கவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெற்றோர் முதலில் கேட்பது "எத்தனை நாள் படுக்க வைக்கணும்?" என்றுதான். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. அதுவும் இருட்டறையில் போர்த்திப் படுக்க வைக்கும் ஓய்வு இல்லை. குளிக்கலாம், சாப்பிடலாம், வீட்டுக்குள் 5 நிமிடம், 10 நிமிடம் மெதுவாக நடக்கலாம், பேசலாம். ஓட்டம், சைக்கிள், மாடிப்படியில் தாவுவது, பந்து கூடாது. செல்போன், டிவி இந்த 48 மணி நேரத்தில் முடிந்தவரை வேண்டாம். 2022 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச மாநாட்டின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது.

அதன் பிறகு தினமும் பயிற்சி. அளவை முடிவு செய்வது காலண்டர் இல்லை, பிள்ளையின் அறிகுறி. பயிற்சிக்கு முன் கேளுங்கள்: "தலைவலி, கிறுகிறுப்பு எல்லாம் சேர்த்து 0-லிருந்து 10-க்குள் இப்போ எத்தனை?" 3 என்று சொன்னால் அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பயிற்சியில் 4, 5 வரை ஏறலாம். 6 ஆனால் உடனே நிறுத்த வேண்டும். ஏறினது ஒரு மணி நேரத்துக்குள் பழையபடி 3-க்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மறுநாள் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

நடையில் தொடங்குவது எளிது. மூன்றாம் நாள் சமதரையில் 10 நிமிடம். தாங்கினால் 15, பிறகு 20. நேரம் 20 நிமிடத்துக்கு வந்த பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கூட்டினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும். வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் நடையைவிட நல்லது, தலை குலுங்காது. இல்லாதவர்கள் மாடிப்படியில் தரையை ஒட்டிய கீழ்ப்படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கலாம்.

நாடித் துடிப்புக் கணக்கு: 220-இல் வயதைக் கழியுங்கள். 12 வயதுப் பிள்ளைக்கு 208. முதல் கட்டத்தில் இதில் 55 சதவீதம் வரை, அதாவது நிமிடத்துக்கு சுமார் 114. அது பழகிய பிறகு 70 சதவீதம் வரை, சுமார் 146. மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். 15 விநாடியில் 28 முதல் கட்டம், 36 இரண்டாம் கட்டம்.

---

#2 | குழந்தைநலம்_டாக்டர்

பயிற்சிக்கு முன் ஒன்று. கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று எப்போது வந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி. நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் தலைவலி. எழுப்பினால் சரியாக விழிக்காத தூக்கம். வலிப்பு. கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போவது. பேச்சுக் குழறல். இரண்டு கருவிழிப் பாவையும் ஒரே அளவில் இல்லாதது. மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது. கழுத்து எலும்பின் மேல் கடும் வலி. ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவது.

"சி.டி. ஸ்கேன் நார்மல், அப்புறம் ஏன் தலை வலிக்குது?" என்று பல பெற்றோர் குழம்புகிறார்கள். ஸ்கேன் பார்ப்பது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷனில் நடப்பது செல்லுக்குள். பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு அதிக சக்தி தேவைப்படும் அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. ஸ்கேன் படத்தில் இது தெரியாது. ஸ்கேன் நார்மல் என்பதால் பிள்ளை நடிக்கிறது என்று நினைக்காதீர்கள்.

தலைவலிக்கு பாராசிட்டமால், எடைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. ஆஸ்பிரின் வேண்டாம். முக்கியமாக, மாத்திரை கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்ய வைக்காதீர்கள். மருந்து வலியை மறைத்தால் மேலே சொன்ன 0–10 கணக்கே பொய்யாகிவிடும். முதல் சில நாள் கழிந்த பிறகும் வாரத்தில் 3 நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் எங்களிடம் வாருங்கள். அடிக்கடி போடும் மாத்திரையே தலைவலியைத் தக்கவைக்கும்.

---

#3 | பி.டி._ஆசிரியர்

பிசியோ சார், மூன்றாம் நாளே நடக்க வைப்பது சீக்கிரம் இல்லையா? இரண்டு வாரம் முழு ஓய்வு என்றுதான் பயிற்சி வகுப்புகளில் ரொம்ப காலம் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போதும் பல டாக்டர் சீட்டில் "கம்ப்ளீட் பெட் ரெஸ்ட்" என்று இருக்கிறது. சீட்டை மீறிப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

---

#4 | விளையாட்டு_மருத்துவம்

ஆசிரியர் கேட்பது நியாயமான கேள்வி. அறிகுறி முழுதாகப் போகும்வரை ஓய்வு என்பதுதான் முன்பு வழக்கம். அதை மாற்றியது ஆய்வுகள்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் 11 முதல் 22 வயது வரையானவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு 5 நாள் கண்டிப்பான ஓய்வு, இன்னொன்றுக்கு வழக்கமான 1, 2 நாள் ஓய்வு. 2015-இல் வந்த முடிவு: 5 நாள் படுத்தவர்கள்தான் அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள், அவை தீரவும் அதிக நாள் ஆனது. 2016-இல் கனடாவின் 9 குழந்தைகள் அவசரப் பிரிவுகளில் சுமார் 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், முதல் 7 நாளுக்குள் நடமாடியவர்களில் 28-ஆம் நாளிலும் தொந்தரவு இருந்தது 24.6 சதவீதம் பேருக்கு. நடமாடாதவர்களில் 43.5 சதவீதம். இது கவனித்துப் பார்த்த ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. லேசாக அடிபட்டவர்கள்தான் சீக்கிரம் எழுந்து நடந்தார்களோ என்ற சந்தேகம் அதில் இருந்தது.

அந்தச் சந்தேகத்துக்குப் பதில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்திலிருந்து வந்தது. டாக்டர் ஜான் லெடியின் ஆய்வுக் குழு 13 முதல் 18 வயது விளையாட்டு வீரர்கள் 103 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு இதயத்துடிப்பை ஏற்றும் பயிற்சி, இன்னொன்றுக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் கொடுத்தது. 2019-இல் வெளியான முடிவில் முதல் குழு குணமான இடைநிலைக் காலம் (குழுவில் பாதிப் பேர் குணமாக எடுத்த நாள்) 13 நாள், இரண்டாவது 17 நாள். 2021-இல் திரும்பச் செய்தபோது 14-க்கு 19.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, பயிற்சி மருந்து மாதிரி, அளவு தப்பினால் கெடுதல் என்பது. அவர்கள் டிரெட்மில்லில் நடக்க வைத்து, ஒவ்வொரு நிமிடமும் சரிவை ஏற்றி, எந்த நாடித் துடிப்பில் அறிகுறி கிளம்புகிறது என்று கண்டுபிடித்து, அதில் 80 முதல் 90 சதவீதத்தில் தினமும் 20 நிமிடம் பயிற்சி எழுதிக் கொடுத்தார்கள். அறிகுறி 140-இல் கிளம்பினால் 112-க்கும் 126-க்கும் நடுவில். அருகில் விளையாட்டு மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோவோ இருந்தால் இந்தச் சோதனையைச் செய்து கேளுங்கள். 220 கழித்தல் வயது என்பது உத்தேசம்தான், பிள்ளைகளுக்கு இன்னும் உத்தேசம். நாடி பிடிக்க வராதவர்கள் பேச்சை வைத்துப் பாருங்கள்: முழு வாக்கியம் பேச முடிந்தால் முதல் கட்டம், நடுவில் மூச்சு வாங்கினால் இரண்டாம் கட்டம், ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் அதிகம்.

சீட்டைப் பற்றி: எழுதிய டாக்டரிடமே "48 மணி நேரம் ஆகிவிட்டது, மெதுவாக நடக்கலாமா?" என்று போனில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த வரி, விளையாடக் கூடாது என்ற அர்த்தத்தில் எழுதியதாக இருக்கும்.

---

#5 | சமநிலை_பிசியோ

நடை மட்டும் போதாத பிள்ளைகள் உண்டு. தலையைத் திருப்பினால் கிறுகிறுப்பு, புத்தகத்தில் வரி ஓடுவது, கடைத்தெருக் கூட்டத்தில் குமட்டல். அடி காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பையும் கண்ணையும் சேர்த்துப் பாதித்திருக்கிறது என்று அர்த்தம். கீழே சொல்வதை ஒரு பிசியோ ஒரு முறை நேரில் பார்த்து, கழுத்தில் பிரச்சினை இல்லை என்று உறுதி செய்த பிறகே வீட்டில் செய்ய வேண்டும்.

பார்வை நிலைநிறுத்தல். நாம் தலையை வலப்புறம் திருப்பினால் கண் அதே வேகத்தில் இடப்புறம் திரும்பும். அதனால்தான் பார்க்கும் பொருள் ஆடாமல் இருக்கிறது. இந்த இணைப்புத்தான் பயிற்சியில் பழக வேண்டியது. காகிதத்தில் "அ" என்று எழுதி, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும்படி வெறும் சுவரில் ஒட்டுங்கள். 1 மீட்டர் தள்ளி நாற்காலி. கண் எழுத்தை விடாமல், "இல்லை" என்று சொல்வதுபோல் தலையை இரு பக்கமும் சுமார் 20 டிகிரி திருப்ப வேண்டும். செல்போனில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் ஆப்) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு திருப்பம். 20 விநாடி செய்து, கிறுகிறுப்பு அடங்கும்வரை ஓய்வு, மறுபடி இரண்டு சுற்று. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. அது சரியானதும் "ஆமாம்" என்பதுபோல் மேலும் கீழும். பிறகு 80, 100 என்று வேகம். பிறகு நின்றுகொண்டு. கடைசியில் பூப்போட்ட திரைச்சீலை முன்னால் எழுத்தை ஒட்டி.

இதில் தவறு நடக்கும் இடம்: எழுத்து மங்கும் வேகத்தில் செய்தால் எந்தப் பலனும் இல்லை, வேகத்தைக் குறைக்க வேண்டும். தலையோடு கண்ணும் சேர்ந்து போகிறதா என்று எதிரே உட்கார்ந்து பாருங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் செய்தால் வாந்தி வரலாம்.

சமநிலை. சுவர் மூலையில் முதுகு காட்டி நிற்க வைத்து, முன்னால் ஒரு நாற்காலி. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடிமானம் இருக்கும். பாதம் சேர்த்து 30 விநாடி. பிறகு ஒரு பாதத்தின் குதிகாலுக்குப் பின்னால் இன்னொரு பாதத்தின் விரல் தொட. பிறகு ஒற்றைக் கால். மூன்றும் ஆடாமல் வந்த பிறகுதான் கண்ணை மூடி. அதன் பிறகு மடித்த தலையணை மேல். கடைசியாக, நின்றபடியே கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். உடலும் மூளையும் ஒன்றாக வேலை செய்யும்போதுதான் மிச்சமிருக்கும் குறை வெளியே தெரியும். மொட்டை மாடி வேண்டாம், ஈரத் தரை வேண்டாம், கண் மூடும்போது பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கழுத்து. பின்மண்டையில் தொடங்கி ஒரு பக்கமாக முன்னே வரும் தலைவலி பல நேரம் கழுத்திலிருந்து வருவது. மல்லாந்து படுத்து, முகவாயை மெல்ல உள்ளே இழுத்து 5 விநாடி, 10 தடவை. வலி தொடங்கும் இடத்துக்கு முன்பு வரை தலையை இரு பக்கமும் திருப்புவது. கழுத்தை வட்டமாகச் சுழற்றுவது கூடாது. சுளுக்கு எடுப்பவரிடமோ, முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறிப்பவரிடமோ கூட்டிப் போகவே கூடாது. அடிபட்ட கழுத்தில் அது ரத்தக் குழாயைக் கிழிக்கலாம்.

---

#6 | பி.டி._ஆசிரியர்

நன்றி மேடம். யோகா வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நிறைய. சூரிய நமஸ்காரம் செய்யலாமா?

---

#7 | சமநிலை_பிசியோ

முதல் வாரங்களில் வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் தலை இடுப்புக்குக் கீழே போய் மேலே வருகிறது. நிமிரும்போது ரத்த அழுத்தம் சட்டென மாறும், இந்தப் பிள்ளைகளின் உடல் அதைச் சமாளிக்கும் நிலையில் இல்லை. சர்வாங்காசனம், சிரசாசனம், கபாலபாதி, மூச்சை அடக்கித் தம் பிடிக்கும் எதுவும் வேண்டாம். உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுவது நல்லது: 4 எண்ணி உள்ளே, 6 எண்ணி வெளியே, 5 நிமிடம்.

படுக்கையிலிருந்து எழுந்தாலே கண் இருட்டுகிறது என்றால் அது தனிப் பிரச்சினை. 5 நிமிடம் படுக்க வைத்து நாடி எண்ணுங்கள். எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் இன்னும் சில முறை எண்ணுங்கள். வளரிளம் பருவத்தினருக்கு, படுத்திருந்தபோது இருந்ததைவிட 40-க்கு மேல் கூடி அப்படியே நின்றால் டாக்டரிடம் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர்களுக்கு நின்று செய்யும் பயிற்சிக்கு முன்னால் உட்கார்ந்து செய்யும் சைக்கிள்தான் சரி.

---

#8 | கண்_பரிசோதகர்

படிக்கும்போது மட்டும் தலைவலி என்றால் கண்ணைப் பாருங்கள். ஒரு பென்சிலில் சிறிய எழுத்தை ஒட்டி, கை நீட்டிய தூரத்திலிருந்து மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டு வாருங்கள். எழுத்து இரண்டாகத் தெரியும் இடத்தை ஸ்கேலில் அளங்கள். 5, 6 செ.மீ.க்கு உள்ளே என்றால் கவலை இல்லை. 10, 12 செ.மீ. என்றால் இரு கண்ணும் பக்கத்தில் ஒன்றாகக் குவிய மறுக்கின்றன. பலருக்கு முதல் சில வாரங்களில் தானாகச் சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும், வீட்டுப் பென்சில் பயிற்சியை மட்டும் நம்பி மாதக்கணக்கில் இருக்க வேண்டாம். இந்தக் குவியக் குறைபாடு உள்ள 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் அமெரிக்காவில் செய்து 2008-இல் வெளியான ஆய்வில், கிளினிக்கில் ஆள் பார்த்துக் கொடுத்த பயிற்சி வீட்டுப் பென்சிலைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்தது. அந்தப் பிள்ளைகள் கன்கஷன் நோயாளிகள் இல்லை, ஆனால் கண் செய்யும் வேலை ஒன்றுதான்.

அதுவரை பாடம் படிப்பது 15 நிமிடம், பிறகு 5 நிமிடம் ஜன்னல் வழியாகத் தொலைவில் பார்ப்பது. எழுத்தைப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுங்கள்.

---

#9 | பிசியோ_திருச்சி

ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரெனப் பின்வாங்கினால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பயிற்சியை இல்லை, அன்றைய நாள் முழுவதையும். பள்ளி, வேன் பயணம், டியூஷன், வீட்டுப்பாடம், அதற்கு மேல் 20 நிமிட நடை. மூளைக்கு எல்லாம் ஒரே கணக்கில்தான் சேரும். பள்ளி மறுபடி தொடங்கும் வாரத்தில் பயிற்சியைக் கூட்டாதீர்கள், டியூஷனை நிறுத்துங்கள். பள்ளியை ஒரு வாரத்துக்கு மேல் முழுதாக நிறுத்துவதும் தவறு. அரை நாளாக அனுப்பலாம்.

நம் ஊர் வெயிலில் மாலை 4 மணிக்கு நடக்க வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்றால் கன்கஷன் என்று எழுதிவிடுகிறோம். காலை 7 மணிக்கு முன், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, லேசாகச் சாப்பிட்டு அரை மணி கழித்து நடந்தால் அந்தக் குழப்பம் இருக்காது. தூக்கமும் சேர்த்தி: 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், அதற்கு மேல் 8 முதல் 10. பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் போனால் இரவுத் தூக்கம் கெடும்.

இன்னொன்றை அக்கறையோடு சொல்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "தலை வலிக்குதாம்மா?" என்று கேட்காதீர்கள். பயிற்சிக்கு முன், நடுவில், முடிந்து ஒரு மணி கழித்து, அவ்வளவுதான். அடிக்கடி கேட்டால் பிள்ளையின் கவனம் முழுக்க வலியில் போய் நிற்கும், பயமும் சேரும். இதற்கு நேர் எதிர், மேட்சில் சேர வேண்டும் என்று வலியை மறைக்கும் பிள்ளை. அவனிடம் எண் கேட்டுப் பிரயோஜனமில்லை. முகத்தையும், பேச்சு குறைவதையும், வெளிச்சத்துக்குக் கண் சுருக்குவதையும் பாருங்கள்.

---

#10 | ஸ்காபரோ_இயன்மருத்துவர்

வணக்கம். இங்கே கனடாவிலும் தமிழ்ப் பெற்றோர் இதே கேள்விகளோடுதான் வருகிறார்கள், பெரும்பாலும் ஹொக்கி, கால்பந்து, பாடசாலை விளையாட்டுத் திடல் விழுகைகளுக்குப் பிறகு. ஒன்ராறியோவில் 2018 இல் 'ரோவன் சட்டம்' வந்தது. 2013 இல் றக்பி ஆட்டத்தில், முதல் அடி ஆறுமுன் மறுபடியும் தலையில் அடிபட்டு இறந்த 17 வயது மாணவியின் பெயர் அது. கன்கஷன் சந்தேகம் வந்தாலே பிள்ளையை மைதானத்தைவிட்டு வெளியே எடுக்க வேண்டும், வைத்தியரின் அனுமதி இல்லாமல் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ திரும்பச் சேர்க்கக்கூடாது.

விளையாட்டுக்குத் திரும்பும் படிகளை இங்கே யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். முதலாவது அன்றாட வேலைகள். இரண்டாவது, மேலே சொன்ன நடை, சைக்கிள், லேசிலிருந்து மிதம் வரை. மூன்றாவது தனியாகச் செய்யும் விளையாட்டு அசைவுகள்: ஓட்டம், திசை மாற்றி ஓடுவது. இந்தப் படியிலேயே தலையில் அடிபட வாய்ப்பிருந்தால் வைத்தியரிடம் முதலில் கேட்க வேண்டும். நான்காவது குழுப் பயிற்சி, மோதல் இல்லாமல். ஐந்தாவது முழுப் பயிற்சி. ஆறாவது ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணித்தியாலம்.

முதல் மூன்று படியிலும் லேசான அறிகுறி இருந்தாலும் தொடரலாம். நான்காவதற்குப் போக, ஓடி வியர்த்த பிறகும் ஓர் அறிகுறியும் இருக்கக்கூடாது, பாடசாலைக்கு முழு நாளும் போய்க்கொண்டிருக்க வேண்டும், வைத்தியர் அனுமதித்திருக்க வேண்டும். நான்கிலோ ஐந்திலோ அறிகுறி வந்தால் மூன்றுக்குத் திரும்ப வேண்டும். பெற்றோர் அவசரப்படுவது இங்கேதான். நான்கு கிழமைக்கு (வாரத்துக்கு) மேலும் அறிகுறி இருந்தால் வீட்டுப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு இருக்காமல் சிறப்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

---

#11 | பி.டி._ஆசிரியர்

அப்படியானால் எங்கள் பிள்ளைகளுக்குக் கபடி, கோ-கோ, கால்பந்தில் தலையால் முட்டுவது எல்லாம் ஐந்தாம் படி. கிரிக்கெட்டில் தனியாக பேட்டை வீசிப் பார்ப்பது மூன்று, டென்னிஸ் பந்தில் வலைப் பயிற்சி நான்கு, கார்க் பந்து ஐந்து. சரிதானே?

---

#12 | விளையாட்டு_மருத்துவம்

சரி. கோ-கோவில் உட்கார்ந்து எழுந்து திரும்புவதையே தனியாக மூன்றில் பழக்கலாம், சமநிலை திரும்பியிருக்கிறதா என்று நன்றாகத் தெரியும். நீச்சலைத் தள்ளிப் போடுங்கள். தண்ணீருக்குள் கிறுகிறுத்தால் ஆபத்து, மூச்சுக்காகத் தலையைத் திருப்புவதும் தொந்தரவு தரும். ஸ்கிப்பிங், டிராம்போலின், ராட்டினம் அறிகுறி முழுதாகப் போன பிறகு.

---

#13 | சிறப்புக்கல்வி_சேலம்

7 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 0–10 சொல்லத் தெரியாமல் விழிக்கிறார்கள். மெட்ரோனோமுக்குத் தலை திருப்பவும் வராது. அவர்களுக்கு?

---

#14 | சமநிலை_பிசியோ

மூன்று முகம் வரையுங்கள்: சிரிக்கும் முகம், சாதாரண முகம், அழும் முகம். ஒரு முகம் கீழே இறங்கினால் நிறுத்துங்கள். அதோடு சிடுசிடுப்பு, ஒட்டிக்கொள்வது, நடுவிலேயே படுத்துக்கொள்வது எல்லாம் அறிகுறிதான்.

பயிற்சியை விளையாட்டாக மாற்றுங்கள். தரையில் சாக்பீஸ் கோடு போட்டு அதன் மேல் நடப்பது சமநிலை. சுவரில் இரு பக்கமும் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி, தலை அசையாமல் மாற்றி மாற்றிப் பார்த்து நிறம் சொல்வது கண் பயிற்சி. பலூனைத் தட்டி விழாமல் வைத்திருப்பது, மெதுவாகச் செய்தால், கண்ணும் தலையும் சேர்ந்த பயிற்சி. ஒவ்வொன்றும் 2, 3 நிமிடம், ஒரு நாளில் மொத்தம் 10 முதல் 15 நிமிடம் போதும்.

---

#15 | சிறப்புக்கல்வி_சேலம்

நடுவில் காய்ச்சல் வந்து நான்கைந்து நாள் விட்டுப்போனால் முதலிலிருந்தா?

---

#16 | பிசியோ_திருச்சி

வேண்டாம். காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் கழித்து, விட்டுப்போன அளவில் பாதியில் தொடங்குங்கள். 20 நிமிடம் நடந்துகொண்டிருந்தால் 10 நிமிடம், முதல் கட்ட வேகத்தில். நோட்டில் எண் ஏறவில்லை என்றால் மூன்று நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். காய்ச்சலோடு தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, அது கன்கஷனா காய்ச்சலா என்று வீட்டில் ஆராயாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.